கருவாட்டுச் சிப்பத்தில் போன சீன நாவலாசிரியர்

மக்கா,

அப்பாதான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. அவள் அடுக்களையில் உன் கல்யாணத்துக்காக முந்திரிக்கொத்து உருட்டிக்கொண்டிருக்கிறாள். உருட்டுகிற வேகத்தைப் பார்த்தால் மதராஸ் பட்டணம் முழுவதற்கும் போதும் போலிருக்கிறது. ஏழு வருஷமாக உனக்குக் கடிதம் எழுதுவது அவள் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து, ஏலத்தில் என்ன மீன் என்ன விலைக்குப் போயிற்று என்று எதையாவது பேசிக்கொண்டே அவள் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் எட்டிப் பார்ப்பது என் வேலை. இந்த ஒரு தடவை முறை மாறட்டும்.

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. அம்மாவுக்கு ஆறு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் எனக்கென்று ஒரு வரி வைத்திருக்கிறாய்: ‘அப்பாவுக்கு வர மனமிருந்தால் வரட்டும்.’ கோபப்படமாட்டேன். உன் இடத்தில் நான் இருந்தால் அந்த ஒரு வரியும் எழுதியிருக்கமாட்டேன். ஆனால் அந்த ஆறு பக்கத்துக்குள் இன்னொரு சேதியும் இருந்தது. நீ காலேஜில் படிக்கும்போது எழுதிய அந்தச் சீன நாவலாசிரியரின் வாழ்க்கை வரலாற்றைப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பகத்தார் தயாராக இருக்கிறார்கள், நாலு தடவை உட்கார்ந்து பார்த்தும் பழையபடி எழுத வரவில்லை, எரிந்தது எரிந்ததுதான் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்துவிட்டு உன் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அன்றைக்கு அயிலை மீன் குழம்பு. ஆனாலும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே முதலில் வைக்கவேண்டிய சரக்கை முதலில் வைக்கிறேன். உன் புத்தகம் எரியவில்லை. எட்டு நோட்டுகளும் ஒரு தாள் குறையாமல் என் இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. பெட்டியைத் திறந்தால் நெத்திலிக் கருவாட்டு மணம் இப்போதும் வருகிறது. அது ஏன் என்று சொல்லத்தான் இத்தனை நீளக் கடிதம். உனக்கு மனைவியாக வரப்போகிற பெண் அச்சுக்கூடத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள் என்று அம்மா சொன்னாள். அவளும் இதை வாசிக்கட்டும், மறைக்க ஒன்றுமில்லை. பிழை இருந்தால் திருத்தட்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பலகையை வைத்துவிட்டுத் தலையில் மீன்கூடை எடுத்தவன்.

அந்த நாளை உனக்கு ஞாபகப்படுத்தவேண்டியதில்லை, ஆனால் அதில் பாதியைத்தான் நீ பார்த்தாய். உன் செங்கொடிக் கட்சி தடைசெய்யப்பட்டிருந்த காலம். குளச்சலில் நம் கருவாட்டுக் கிட்டங்கிக்கு இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று காலையிலேயே ஒரு ஆள் வந்து காதில் போட்டுவிட்டுப் போனான். நீ திருவனந்தபுரத்திலிருந்து அன்றைக்குத்தான் வரவேண்டும். உன் நோட்டுகள் மாடத்தில் இருந்தன. அவற்றை மெழுகுத்துணியில் சுற்றி, அப்போதுதான் கட்டிக்கொண்டிருந்த ஒரு நெத்திலிச் சிப்பத்தின் நடுவில் வைத்து, ஓலைப்பாயை மூடிக் கயிறு போட்டேன். கருவாட்டுக்குள் கையை விட எந்த இன்ஸ்பெக்டருக்கும் மனம் வராது என்பது என் எண்ணம். அதோடு விட்டிருக்கலாம். அதிபுத்தி என்று ஒன்று உண்டல்லவா, அது என்னை விடவில்லை. நம் கிட்டங்கி வழக்கம் உனக்குத் தெரியும். மருமகளுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். பேரம் முடிந்ததும் வாங்குகிறவர் ஒரு வெற்றிலையைச் சிப்பத்தின் கயிற்றுக்குள் செருகிவிடுவார். வெற்றிலை செருகிய சிப்பம் விற்ற சிப்பம். அதைப் பிரிக்கவோ மாற்றவோ விற்றவனுக்கும் உரிமையில்லை. போலீஸ்காரர்கள் கிளறினாலும், இது வேறொருத்தர் சரக்கு ஐயா என்று சொல்லிவிடலாமே என்று, மெல்ல வைத்திருந்த வெற்றிலையில் ஒன்றை எடுத்து அந்தச் சிப்பத்தில் செருகினேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனுஷன்தான். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டே கேட்டார்: “ஓய், உம்ம மவன் ஏதோ சீனாக்காரனைப் பத்தி எழுதி வச்சிருக்கானாமே, எங்க அது?”

“அதா? அதை நேத்தே அடுப்புல வச்சாச்சு ஐயா. வெறகு நனஞ்சு கெடந்துது. அந்தக் கடலாசுத் தாளு என்னமா கத்தி எரிஞ்சுது தெரியுமா!” என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினால் வாசலில் நீ நிற்கிறாய், கையில் பெட்டியோடு. “நிசமாவா அப்பா?” என்று கேட்டாய். இன்ஸ்பெக்டர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் ஏலத்தில் நின்ற முகம் இது, எதையும் வெளியில் காட்டாது. “நிசந்தான். ஒனக்க சீனாக்காரன் சாம்பலாயிட்டான். போ, போய்க் குளிச்சிட்டுச் சாப்பிடு” என்றேன். அவர் போனதும் உன்னைக் கூப்பிட்டு முதுகில் தட்டிச் சொல்லலாம், இரண்டு பேருமாகச் சிரிக்கலாம் என்று இருந்தேன். நீ பெட்டியைத் தரையில் வைக்கக்கூட இல்லை. வந்த வழியே பஸ்ஸுக்குப் போய்விட்டாய். இன்ஸ்பெக்டர் எனக்கு ஆறுதல் சொன்னார்: “பிள்ளைய நல்ல வழிக்குக் கொண்டு வந்திட்டேரு.”

அவரை அனுப்பிவிட்டு, ஓடிப்போய் உன்னைப் பிடித்து வர ஆளை விடலாம், அதற்கு முன் நோட்டுகளை எடுப்போம் என்று கிட்டங்கிக்குள் போனால் சிப்பம் இல்லை. நான் முன்வாசலில் இன்ஸ்பெக்டரோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பின்வாசலில் பேச்சிப்பாறைப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டுக்குப் போகிற வண்டியில் சரக்கு ஏறியிருக்கிறது. வண்டிக்காரர் வெற்றிலை செருகிய சிப்பங்களையெல்லாம் பார்த்துப் பார்த்து ஏற்றியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருபது வருஷமாக அந்த வழக்கத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். வண்டியை விரட்டிப் போனால் ஏன் விரட்டுகிறான் என்று ஊர் கேட்கும், ஊர் கேட்டால் இன்ஸ்பெக்டரும் கேட்பார். நான் வாயை மூடிக்கொண்டேன். உனக்கும் எழுதவில்லை. கையில் இல்லாத சரக்குக்கு நான் வாக்குக் கொடுத்ததில்லை.

ஒரு வாரம் பொறுத்து, புதிய பேரம் பேசப் போகிறவன்போலக் குலசேகரம் வரை பஸ்ஸிலும் அங்கிருந்து நடந்தும் எஸ்டேட்டுக்குப் போனேன். போகும்போது மத்தியானமாகிவிட்டது. பால்வெட்டுக்காரர்கள் விடியுமுன் மரத்துக்குப் போய், வெட்டி, சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, உச்சிநேரத்தில் கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள். அளந்து முடிகிறவரை அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். கொட்டகைக்கு வெளியிலேயே எனக்கு ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

“அவனுக்கு நாலு பேரு இருக்காம். நமக்கு ஒத்தப் பேருக்கே ரேஷன் கார்டு கிடைக்கல்ல.”

“ஏட்டி, போலீஸ் பிடிக்காம இருக்கதுக்காக்கும் பேரை மாத்துகான். கேட்டுக்கிட்டு இரி,” என்று இன்னொருத்தி அடக்கினாள்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். எஸ்டேட் கணக்குப்பிள்ளை ஞானமுத்து ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, உன் ஆறாவது நோட்டை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் முப்பது நாற்பது பேர். சிப்பத்தைப் பிரித்தபோது அவர் கையில் அகப்பட்டதாம். யாருடையதென்று பெயர் இல்லை, கருவாட்டோடு வந்தது வாசிக்கத்தான் வந்திருக்கும் என்று வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.

மக்கா, நீ எழுதும்போது யார் வாசிப்பார்கள் என்று நினைத்தாயோ தெரியாது. உன் முதல் வாசகர்கள் அவர்கள்தான். உன் சீனாக்காரர் உப்பு வியாபாரியின் மகனாக ஆற்றங்கரை ஊரில் பிறந்ததும், பத்தொன்பது வயதில் வீட்டை விட்டுத் துறைமுகப் பட்டணத்துக்கு ஓடியதும், அச்சுக்கூடத்தில் மெய்ப்புத் திருத்தி வயிறு கழுவியதும், எதிர்வீட்டு மச்சில் தங்கியிருந்த ஆலைப் பெண்கள் விடியலில் சங்கு ஊதினதும் ஓடுவதைப் பார்த்துப் பார்த்து முதல் நாவலை எழுதியதும் அவர்களுக்கு மனப்பாடம். ரோசம்மா என்று ஒருத்தி, பேரைப் பற்றிக் கேலி செய்தாளே அவள்தான், அந்த ஆலைப் பெண்களைப் பற்றிச் சொன்னாள்: “சங்குக்கு ஓடுகவளும் நம்மள மாதிரிதான். அவளுவ கையி நூலு, நம்ம கையி பாலு.” யுத்தத்தில் ஜனங்களோடு ஜனமாக உள்நாட்டுக்கு நடந்தபோது, எழுதி முடித்த ஒரு நாவல் ஆற்றைக் கடக்கையில் தண்ணீரில் போனதே, அந்த இடத்தை வாசித்தபோது ஒரு கிழவர் எழுந்து வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். அடுத்த வருஷமே அதை மறுபடி முதலிலிருந்து எழுதினார் என்று வந்ததும் கொட்டகையே கைதட்டிற்று. மேஸ்திரி பதறிப்போய் என்னவோ வேலைநிறுத்தம் என்று ஓடிவந்தார்.

நான் இன்னாரென்று ஞானமுத்துவிடம் மெல்லச் சொல்லி நோட்டுகளைக் கேட்டேன். அவர் உடனே எடுத்து நீட்டினார். அவர் நீட்டினாரே தவிர, அவர்கள் விடவில்லை. “முதலாளி, இவ்வளவும் கேட்டாச்சு, பாதியில பிடுங்கப்பிடாது,” என்றாள் ரோசம்மா. குலசேகரத்தில் தங்கி மூன்று மத்தியானம் அந்தக் கொட்டகைக்குப் போனேன். அங்கே பேசியும் நோட்டைப் பார்த்தும் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை இப்போது சொல்கிறேன். நீ அந்த எழுத்தாளரின் அப்பாவைப் பற்றி முதல் பக்கத்தில் எழுதியது இவ்வளவுதான்: ‘கஞ்சனும் கல்நெஞ்சனுமான ஓர் உப்பு வியாபாரியின் மகனாக.’ அரை வரி. பிறகு எட்டு நோட்டிலும் அந்த மனுஷன் தலைகாட்டவில்லை. ஆனால் வெட்டுக்காரர்கள் தினமும் கேட்டிருக்கிறார்கள், அவனுக்க அப்பன் என்ன ஆனாரு என்று. பதில் சொல்லி மாளாமல் ஞானமுத்து சொந்தமாகக் கதை கட்டிவிட்டிருக்கிறார். நோட்டில் கருவாட்டு மணம் வந்ததல்லவா, அதுவே அவருக்கு யோசனை கொடுத்திருக்கிறது. அந்த உப்பு வியாபாரி ஒரு பொதி உப்புக்கருவாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பெயரை மாற்றி மாற்றி ஒளிகிற மகனைத் தேடி ஊர் ஊராக அலைகிறார். மகன் ஒரு தெருவை விட்டுப் போனபிறகு அப்பன் அந்தத் தெருவுக்கு வருகிறார். பழைய பெயரைச் சொல்லி விசாரிக்கிறார், யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் எட்டாவது நோட்டும் முடிந்தது. நீ அதைப் பாதியில் நிறுத்தியிருக்கிறாய், யுத்தம் முடிந்து அவர் பட்டணத்துக்குத் திரும்புகிற இடத்தில். யாரும் எழுந்திருக்கவில்லை.

“அப்பனும் மவனும் பாத்தாங்களா இல்லியா?” என்று ரோசம்மா கேட்டாள்.

ஞானமுத்துவுக்குச் சரக்குத் தீர்ந்துவிட்டது. தலையைச் சொறிந்துகொண்டு என் பக்கம் கையைக் காட்டினார். “முதலாளிக்க வீட்டுப் புஸ்தகமாக்கும். மிச்சம் அவருக்குத் தெரியும்.”

அத்தனை முகமும் என்மேல் திரும்பிற்று. நான் ஏலத்தில் திணறியதில்லை மக்கா. ஆனால் அன்றைக்கு, பார்த்துவிட்டார்கள் என்று சொல்ல மனம் வரவில்லை, பொய்யாகிவிடும். பார்க்கவே இல்லை என்று சொல்லவும் வரவில்லை. கடைசியில், “இன்னும் பாக்கல்ல. அவரு போய்க்கிட்டிருக்காரு,” என்றேன்.

“எப்பப் போய்ச் சேருவாரு?”

“தூரமாக்கும் பிள்ளே. சேதி வந்தா வந்து சொல்லுகேன்.”

அப்படிச் சொல்லிவிட்டு நோட்டுகளோடு வந்தவன் அன்றைக்கே உனக்கு எழுதியிருக்கவேண்டும். எழுதவில்லை. இதுதான் என் தப்பு. தடை இருந்ததால், தபாலில் அகப்பட்டால் உன்னைப் பிடிப்பார்கள் என்பதால் என்று உன் அம்மாவிடம் காரணம் சொன்னேன், உனக்குத் தெரியக்கூடாதென்று அவளிடம் சத்தியமும் வாங்கினேன். தடை விலகி வருஷக்கணக்காகிறது. விலகாதது அந்த அரை வரி. சீனாக்காரரின் அப்பாவை நீ எங்கே கண்டாய்? பார்த்து எழுத உனக்கு ஒரு வியாபாரிதான் வீட்டில் இருந்தான். என் பிள்ளை என்னைத்தான் அப்படி எழுதியிருக்கிறான், வந்து கேட்கட்டும், அப்போது கொடுக்கலாம் என்று பெட்டியைப் பூட்டினேன். எரிந்ததாக நினைப்பதை நீ எப்படி வந்து கேட்பாய் என்கிற சின்னக் கணக்குக்கூட இந்தப் பெரிய வியாபாரிக்குப் புரியவில்லை.

அந்த அரை வரிக்கு நான் பாத்திரமில்லை என்றும் சொல்லமாட்டேன். முதல் அத்தியாயத்தை நீ எனக்கு வாசித்துக்காட்ட வந்தாய், ஞாபகமிருக்கிறதா? கரையில் வள்ளம் வந்து ஏலமணி அடித்துவிட்டது. “இந்தச் சீனாக்காரன் எத்தர மீன் பிடிப்பான்?” என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டினேன். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள், எனக்குப் பெருமையாக இருந்தது. திரும்பி வந்தபோது நீ நோட்டை மூடி வைத்திருந்தாய். அதன்பிறகு நீ எனக்கு எதுவும் வாசித்துக்காட்டவில்லை. பிறகு இந்த ஏழு வருஷத்தில் அந்த எட்டு நோட்டையும் எத்தனை தடவை வாசித்தேன் என்று உன் அம்மாவைக் கேள். உனக்கு மறந்த இடங்கள் எனக்கு மனப்பாடம். ஏலக்கரையில் என்னைச் சீனா முதலாளி என்று கூப்பிடுகிறார்கள், தெரியுமா?

வாசித்த உரிமையில் இரண்டு வார்த்தை சொல்வேன். உன் ஆள் நல்ல ஆள். அரிசி வாங்க வழியில்லாதபோதும் ஆலை முதலாளியைப் புகழ்ந்து எழுத மறுத்தாரே, அந்த இடத்தில் எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. நானும் ஒருவகை முதலாளிதான், ஆனாலும் பிடித்துவிட்டது. இப்போது அங்கே அவருடைய ஆட்களின் ராஜ்யம் வந்து, அவருக்குப் பெரிய உத்தியோகமும் மோட்டாரும் கொடுத்திருக்கிறார்கள், அதன்பிறகு அவர் ஒரு நாவலும் எழுதவில்லை என்று அம்மாவுக்கு ஒரு கடிதத்தில் எழுதியிருந்தாய். அது என்னைக் குடைகிறது. மச்சு அறையில் எழுதியவர், ஓடிக்கொண்டே எழுதியவர், தண்ணீரில் போனதைத் திரும்ப எழுதியவர், நாற்காலியில் உட்கார்ந்ததும் ஏன் எழுதவில்லை? ஓய்வெடுக்கிறாரோ, பயப்படுகிறாரோ, நான் கண்டேனா? நீ அதை விசாரித்து, சாய்க்காமல் எழுது. உனக்குப் பிடித்தவர் என்பதால் தராசில் விரலை வைக்காதே. அதேபோல அந்த உப்பு வியாபாரியையும் விசாரி. கஞ்சன் என்றால் கஞ்சன் என்றே எழுது. ஆனால் பையனுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தது யார், பட்டணத்துக்கு ஓடும்போது அவன் காலில் இருந்த செருப்பு யார் வாங்கியது என்றும் கேட்டுப் பார். அரை வரியை ஒரு முழு வரியாக ஆக்கினால் போதும், அதற்குமேல் எனக்கு ஆசையில்லை.

கல்யாணத்துக்கு அப்பன் சொல்கிற புத்தி என்று ஒன்று வேண்டுமே. இதுதான்: அவளிடம் ஒரு பொய்யைச் சொல்ல நேர்ந்தால், அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்குவதற்குள் ஓடிப்போய்ச் சொல்லிவிடு. செருப்பு மாட்ட நிற்காதே. இன்ஸ்பெக்டர் பார்த்தாலும் பரவாயில்லை. நான் அன்றைக்கு வாசல்வரை ஓடியிருந்தால் இந்த ஏழு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

இந்த மாதத்தோடு நம் தாலுகாவும் மதராஸ் ராஜ்யத்தில் சேர்ந்துவிட்டது. வேறு ராஜ்யத்துக்குப் பெண் எடுக்கப் போகிறான் என்று முணுமுணுக்க எனக்கு இருந்த ஒரே சாக்கும் போயிற்று. நானும் அம்மாவும் திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போய் அங்கிருந்து ரயில் ஏறுகிறோம், இந்தக் கடிதம் வந்த இரண்டாம் நாள் எழும்பூரில் இறங்குவோம். முந்திரிக்கொத்து டின்களை அம்மா தூக்குவாள். நோட்டுக் கட்டை யாரிடமும் கொடுக்காமல் நான் தோளில் கொண்டுவருகிறேன். ரயிலில் மூக்கைப் பொத்துகிறவர்கள் பொத்தட்டும். கட்டின் கயிற்றில் ஒரு வெற்றிலை செருகியிருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று மருமகளுக்கு நீயே சொல்.

நேற்றுப் பேச்சிப்பாறைக்கு ஒரு நடை போய்விட்டு வந்தேன். ரோசம்மாவுக்குத் தலை நரைக்க ஆரம்பித்திருக்கிறது, ஆனால் கேள்வியை மறக்கவில்லை. என்னைப் பார்த்ததும் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, “என்ன முதலாளி, அந்த அப்பன் போய்ச் சேந்தாரா?” என்றாள்.

பட்டணத்துக்கு டிக்கெட் எடுத்தாச்சு என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பா